மேனேஜரை மறித்த வாட்ச்மேன்

எனக்கு நிச்சயமான மாப்பிள்ளை நூல் மில்லில் வாட்ச்மேன். அடையாள அட்டையை மறந்து வந்த மேனேஜரையே மழையில் நிற்க வைத்தவர். "உங்க மூஞ்சி எனக்குத் தெரியும் சார், ஆனா கார்டு இல்லாம விடமாட்டேன்" என்றாராம். அதைக் கேட்டுத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கிறுக்குத்தான், தெரியும்.

அப்பேர்ப்பட்டவர் கொஞ்ச நாளாக என்னைக் கண்டாலே கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். நெருங்கி உட்கார்ந்தால் நகர்ந்துகொண்டார். நேற்று பஸ் ஸ்டாப்பில், "கல்யாணத்த நிறுத்திடலாம்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! அவர் சட்டைக் கையைப் பிடித்துச் சுருட்டினேன். மணிக்கட்டெல்லாம் ஊதா நிறத்தில் தட்டை தட்டையாகத் தடிப்புகள். வாய்க்குள்ளும் வெள்ளைக் கோடுகளாம்.

"உனக்கு ஒட்டிக்கிச்சுன்னா?" என்றார். கண் கலங்கியிருந்தது.

"அத டாக்டர் சொல்லட்டும். நீங்க யாரு முடிவு பண்ண?"

இன்று காலை தரதரவென்று தோல் டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவருடைய அக்காவும் கூட வந்தார். தம்பிக்கு எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதென்று தானே முடிவு கட்டி, தினமும் ஊற்றிக்கொடுத்த டானிக் பாட்டிலும் வந்தது.

டாக்டரம்மா பாட்டிலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இது லைக்கன் பிளானஸ். எதிர்ப்பு சக்தி குறையலம்மா, ஆள் தெரியாம ஆடுது. ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்கள்தான் உடம்புக்குக் காவல். அதுல சிலது சொந்தத் தோலையே வெளியாள்னு நெனச்சு, அடியில கூட்டமா நின்னு அடிக்குது. ஏன் இப்படி மாறுதுன்னு இன்னும் முழுசாத் தெரியல. களிம்பு தரேன், கொஞ்சம் கொஞ்சமா அடங்கும்."

"அதாவது, வீட்டுக்காரரையே மறிக்கிற வாட்ச்மேன்?" என்றேன்.

"அதேதான்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா பாட்டிலை மெல்லக் கைப்பைக்குள் தள்ளினார். "அடிக்கிறவனுக்கா நான் ஊட்டி வளத்தேன்?" என்றார். அதற்கும் சிரித்தேன்.

மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "இவளுக்கு ஒட்டுமா டாக்டர்?"

"தொட்டாலும் ஒட்டாது, முத்தம் குடுத்தாலும் ஒட்டாது."

அக்கா சட்டென்று ஜன்னலைப் பார்த்தார். வெளியே வந்ததும் நான் கையை நீட்டினேன். பாவம், பழக்கதோஷத்தில் தயங்கினார்.

"கார்டு காட்டணுமா சார்?"

அப்போதுதான் சிரித்தார். "வேணாம், தெரிஞ்ச ஆளுதான்" என்று கையைக் கெட்டியாகப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. களிம்பு வாங்க அக்காதான் போனார்.