மூன்று அங்குலக் குழாய்

டேர்போ பூட்டிய நான்கு சிலிண்டர் காருக்கு இரண்டரை அங்குலப் புகைக்குழாயா, மூன்று அங்குலமா என்ற கேள்வி சிவதர்ஷனை மாதக்கணக்கில் தூங்க விடவில்லை. மட்டக்களப்பில் அவன் வேலை பார்த்த வங்கிக்குக் கடன் கேட்டு வந்தவர்கள்கூட அவன் வாயால் இந்த விளக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

"டேர்போ மூச்சு விடவேணும்" என்பான், நெஞ்சுச் சளிக்கு மருந்தெழுதும் வைத்தியரின் முகத்தோடு.

வவுணதீவு வீடும் அதைச் சுற்றிய வளவும் மனைவி கம்சாயினிக்குச் சீதனமாக வந்தவை. அங்கே குடிவந்தவன் மாப்பிள்ளைதான்.

"வீடு என்ட, வளவு என்ட. கார்தான் உங்கட. சத்தம் போட்டா உள்ளுக்க விடமாட்டன்."

"சத்தமில்ல கம்சா. அது நாதம்."

செங்கலடியில் கராஜ் வைத்திருந்த நோபேட், குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, "வீட்டுல கேட்டீங்களா சேர்?" என்றான்.

"காருக்கு வீட்டுல என்ன கேள்வி? மூண்டு அங்குலம் பூட்டும்."

பின்நேரம் வளவில் காரை நிறுத்தி, அக்சிலேட்டரை ஒரு முறை அழுத்திக் காலை எடுத்தான். பின்னால் டப், டப், டமார். கோழிகள் மாமரத்தில் ஏறின. கம்சாயினி காரை வெளியே கொண்டுபோக வாசல் படலையை அகலத் திறந்து பிடித்தாள்.

திறந்த படலையால் அவள் தகப்பன் நல்லரத்தினம் சைக்கிளோடு உள்ளே வந்தார். வட்டை வயல்களில் கதிர் பால்பிடிக்கும் நேரம். யானைகளை விரட்டக் கொளுத்தும் யானை வெடி தீர்ந்துபோயிருந்தது.

"மருமகன், இந்த வெடி எங்க வாங்கின?"

"வெடியில்ல மாமா. சைலன்சர்."

"என்னவெண்டாலும் வட்டைக்குக் கொண்டாங்க. தனியன் வந்து நிக்குது."

வட்டை வீதியோரம் தனியன் யானை காதை விரித்தபடி காரைப் பார்த்தது. சிவதர்ஷன் அழுத்திவிட்டுக் காலை எடுத்தான். வெடித்த வெடியில் யானை, முழு ஆராய்ச்சியையும் அங்கீகரித்ததுபோல் ஒரு கணம் நின்று, திரும்பிக் காட்டுக்குள் போயிற்று.

காவலுக்கு நின்றவர்கள் காரைச் சூழ்ந்தார்கள். இப்படியொரு சபை அவனுக்கு இதுவரை வாய்த்ததில்லை.

"இரண்டரை அங்குலம் போட்டிருந்தா..." என்று தொடங்கினான்.

"யான போயிராது, என்ன?" என்றார் வயல் காரியங்களுக்குப் பொறுப்பான வட்டை விதானை.

"ஓம்" என்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

அறுவடை வரைக்கும் கார் காவல் பரணடியில் நிற்கட்டும் என்று விதானை தீர்த்துச் சொன்னார். சிவதர்ஷன் கடைசி நம்பிக்கையாக மனைவிக்குப் போன் எடுத்தான்.

"கம்சா, காரை வளவுக்குள்ள விடுவியா?"

"அங்கேயே நிக்கட்டும். நாதம் நல்லாத்தான் கேக்குது."

அடுத்த நாள் கார் எங்கே என்று கேட்ட வங்கிக்காரர்களிடம், "பரீட்சார்த்த ஓட்டத்தில இருக்கு" என்றான், மாமாவின் சைக்கிள் செயின் பூசிய கறுப்பு எண்ணெயைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே.