உருட்டி வைத்த தேதி

காலையில் ஷட்டரை ஏற்றும்போதே மெஷின் அம்மாவைப் பயம் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் ரிப்பேர் கடைதான், புலிக்கூண்டு ஒன்றும் இல்லை. முன்பக்கம் அவளுடைய வேலை மேஜை, எண்ணெய்க் குப்பி, கழற்றிப் போட்ட மெஷின் தலைகள். அதில் பயப்பட என்ன இருக்கிறது? பின்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் இருக்கிற சின்ன அறைதான் விஷயம். அது அவள் அக்காவின் ஆபீஸ் அறை. அக்கா இறந்து பத்து மாதம் ஆகிறது.

இரண்டு பேரும் பார்ட்னர்கள். தெருவில் தங்கையை மெஷின் அம்மா என்பார்கள், அக்காவை ஆபீஸ் அம்மா என்பார்கள். எண்ணெய்க் கை தாளைத் தொடக்கூடாது, தாள் பிடிக்கிற கை எண்ணெயைத் தொடாது. அதுதான் அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். ஆபீஸ் அறை வாசலில் ஒரு குழாய், சோப்புத் துண்டு, ஆணியில் ஒரு பழைய துணி. கழுவாமல் உள்ளே கால் வைத்தால் அக்கா தலையைத் தூக்காமலே சொல்வாள்:

"அந்தக் கையோட உள்ளே வந்தே, வெட்டிப் போட்டுடுவேன்."

"வெட்டிப் போட்டுட்டா மெஷினை யாரு பார்ப்பா? நீயா? ஊசியில நூல் கோக்கவே உனக்கு மூக்குக் கண்ணாடி வேணும்!"

"கையைக் கழுவுடி, வாயாடி."

அக்காவின் மேஜையில் மூன்று தட்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் அவளே எழுதி ஒட்டிய சீட்டு: 'வந்தது', 'வேகுது', 'வெந்தது'. கடைக்குள் எந்தத் தாள் வந்தாலும், பில்லோ கடிதமோ, முதலில் தேதி முத்திரை ஒன்று விழும். ஒரு தாளை மூன்று முறைக்கு மேல் தொடக்கூடாது என்பது அவள் சட்டம். வந்ததும் ஒரு முறை, வேலையை முடிக்க ஒரு முறை, ஃபைலில் போட ஒரு முறை. "நாலாவது தடவை தொட வேண்டி வந்தா அது தாள் இல்லை, வியாதி" என்பாள். சாயங்காலம் 'வேகுது' தட்டு காலியாகாமல் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. மறுநாள் காலையில் வந்ததும், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, முத்திரையின் குட்டிச் சக்கரத்தைக் கட்டை விரலால் ஒரு பல் உருட்டி அன்றைய தேதியைக் கொண்டு வருவாள். உருளும்போது 'கிட்' என்று ஒரு சத்தம். முன்பக்கத்தில் இருக்கிற தங்கைக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் கடை திறந்த மாதிரி.

அக்கா போன பிறகு ஒரு வாரம் கடை மூடிக் கிடந்தது. திறந்த அன்று ஒரு வாடிக்கையாளருக்கு ரசீது கொடுக்க வேண்டி, மெஷின் அம்மா கையைக் கழுவிக்கொண்டு தயங்கித் தயங்கி உள்ளே போனாள். முத்திரையை எடுத்தாள். உருட்டலாம் என்று பார்த்தால், அதில் அன்றைய தேதி இருந்தது.

ஏதோ தற்செயல் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலை பார்த்தாள். அன்றும் சரியான தேதி. சாவி அவளிடம் மட்டும்தான் இருந்தது. மூன்றாம் நாள் கடையைப் பூட்டுமுன் வேண்டுமென்றே தேதியைக் கண்டபடி சுற்றி, மாதத்தையும் மாற்றி வைத்துவிட்டுப் போனாள். காலையில் வந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. பின்கழுத்தில் யாரோ ஈரக் கையை வைத்ததுபோல் ஆனது அவளுக்கு. அப்படியே வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் சோதித்துப் பார்க்கவில்லை. விடுமுறை கழித்துத் திறந்தாலும் தேதி சரியாக இருக்கும். மை ஊற்றாத மைப்பெட்டி காயவில்லை. நாற்காலி மெத்தையில் அக்கா உட்கார்ந்த பள்ளம் உப்பி எழவில்லை. பயம் பயம்தான், ஆனால் அந்தப் பயத்துக்குள்ளே ஒரு சூடும் இருந்தது பாருங்கள். வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள். தேதி மாறியிருக்கும். "வந்துட்டியா?" என்று மெல்லக் கேட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுப்பாள்.

ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. அக்காவின் இறப்புச் சான்றிதழ். அக்கா மகள் அலைந்து வாங்கிக் கொடுத்தது. "சித்தி, இதை வச்சு அம்மா பேரைக் கடைப் பதிவுலேருந்து எடுக்கணும், மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தன் வேலை இருக்கிற நகரத்துக்குத் திரும்பிப் போனாள். மெஷின் அம்மா அதில் முத்திரைகூடக் குத்தாமல் 'வேகுது' தட்டில் போட்டு, மேலே பத்துப் பதினைந்து பில்லை வைத்து மூடினாள். மறுநாள் காலையில் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. திரும்ப அடியில் தள்ளினாள். திரும்ப மேலே வந்தது. தினமும் சாயங்காலம் அவள் புதைப்பதும், தினமும் காலையில் அது எழுந்து வருவதும் வழக்கமாகிவிட்டது.

பத்தாவது மாதம் தொழில் பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு பார்ட்னர்களும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் இல்லையென்றால் அதற்கான சான்று தர வேண்டும், மாதக் கடைசிக்குள் செய்யாவிட்டால் பதிவு ரத்து. பதிவு போனால் பில் போட முடியாது. பில் இல்லாமல் எந்தக் கம்பெனியும் உதிரி பாகம் அனுப்பாது. பாகம் இல்லாத ரிப்பேர் கடையை எத்தனை நாள் திறந்து வைத்திருக்க முடியும்?

அவள் அந்தக் கடிதத்தையும் 'வேகுது' தட்டில் போட்டாள். அன்று சாயங்காலம் அக்கா மகள் ஏதோ விசாரிக்க ஃபோன் செய்தபோது வாய் தவறி உளறிவிட்டாள். இரண்டாம் நாள் அக்கா மகள் லீவு போட்டுவிட்டு, லேப்டாப்பும் கையுமாக வந்து இறங்கினாள்.

ஆபீஸ் அறையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள். "சித்தி, இது ஆபீஸா, பழைய பேப்பர் கடையா?"

"எண்ணெய்க் கைக்காரிகிட்ட ஆபீஸைக் கொடுத்தா இப்படித்தாண்டி இருக்கும்."

"எல்லாத்தையும் ஃபோட்டோ பிடிச்சு இதுக்குள்ள ஏத்திடறேன். அப்புறம் வாரம் ஒரு தடவை நீங்க அனுப்பினா போதும், நான் அங்கேருந்தே கணக்கைப் பார்த்துக்குவேன். சரி, இந்த முத்திரையில இன்னைக்குத் தேதி இருக்கே? நீங்களா மாத்தினீங்க?"

மெஷின் அம்மா கையிலிருந்த நூல் சுற்றிய பாபினை விரலில் உருட்டினாள். "நான்தான்."

"பரவாயில்லையே! அம்மா பழக்கம் ஒண்ணாவது ஒட்டியிருக்கு."

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. உதிரி பாகம் அனுப்புகிற வெளியூர்க்காரர். அவர் குரல் எப்போதும் லாரி ஹாரன்தான், பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்கும். "ஆபீஸ் மேடம் இருக்காங்களா?"

"வெளியே போயிருக்காங்க" என்றாள் மெஷின் அம்மா, பழகிய வாயில். "வந்ததும் சொல்றேன்."

ஃபோனை வைத்துத் திரும்பினால், அக்கா மகள் கையில் எடுத்த தாள்களோடு அப்படியே நின்றிருந்தாள்.

"யாரு வெளியே போயிருக்கா?"

மெஷின் அம்மா முந்தானையால் ஃபோனைத் துடைத்தாள்.

"அம்மாவையா கேட்டாரு?"

"முதல் தடவை கேட்டப்போ எனக்கு வாய் வரலடி. டக்குனு அப்படிச் சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியல. புத்தாண்டுக்கு அவளுக்குன்னு டைரிகூட அனுப்பிச்சாரு மனுஷன்."

"பத்து மாசமா வெளியே போயிருக்காங்களா? எங்கே? காய்கறி வாங்கவா?" என்று அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து வேறு என்னவோ ஆனது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். 'வேகுது' தட்டை மடியில் வைத்தாள். மேலே சான்றிதழ் கிடந்தது.

"இதை எப்போ கொடுத்தேன்! இன்னும் வேகுதா சித்தி? இது என்ன கல்லா?"

"கிண்டல் பண்ணாதே."

"பண்ணலை." அவள் அந்தத் தாளின் ஓரத்தைத் தடவினாள். "சின்ன வயசுல எனக்கு இந்தத் தட்டு மேல எவ்வளவு கோபம் தெரியுமா? ஸ்கூல் விட்டு வந்து ஜன்னல்ல உட்கார்ந்திருப்பேன். எல்லா அம்மாவும் வந்துடுவாங்க. நம்ம அம்மா வர மாட்டாங்க. கடைக்கு ஓடி வந்தா, இதோ இந்த நாற்காலியில, கண்ணு சொருகிப் போய், ஒரே ஒரு தாளை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. 'வாம்மா வீட்டுக்கு'ன்னு இழுப்பேன். 'ஒண்ணு பாக்கி இருக்கு கண்ணு, இதை முடிக்காம எப்படி வருவேன்'ம்பாங்க. ஒண்ணு பாக்கி இருந்தாலும் எழுந்துக்கத் தெரியாது அவங்களுக்கு."

சொல்லிவிட்டு அவள் எழுந்து ஃபோட்டோ பிடிக்கப் போய்விட்டாள். மெஷின் அம்மாவின் கையில் இருந்த பாபின் நழுவி, நூலை விட்டுக்கொண்டே மேஜைக்கு அடியில் உருண்டது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

ஒன்று பாக்கி இருந்தாலும் எழுந்துக்கத் தெரியாது.

சாயங்காலம் அக்கா மகளை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, அவள் கையைக் கழுவினாள். முழங்கை வரை கழுவினாள். உள்ளே போய் நாற்காலிக்கு எதிரே நின்றாள். மெத்தையில் அந்தப் பள்ளம். அறையில் மை வாசனை, யாரோ இப்போதுதான் பெட்டியைத் திறந்ததுபோல.

"இதுக்குத்தானா?" என்றாள். "நான் என்னவோ என்னைப் பார்க்க வர்றேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் தட்டில் மேலே கிடந்த தாளின் நுனி ஒரு தடவை எழுந்து அடங்கியது.

அவளுக்குக் கண்ணில் படம்போல் ஓடியது. பத்து மாதமாகக் கடையைப் பூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறாள். அக்கா இங்கே, விளக்கில்லாத அறையில், கண் சொருகிப்போய், ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து போகத் தெரியாமல். தாளை மேலே எடுத்து வைக்கிறாள். தங்கை வந்து அடியில் தள்ளுகிறாள். நாலாவது தடவை இல்லை, நூறாவது தடவை.

"உன்னை நான்தான் வீட்டுக்கு விடாம வச்சிருக்கேனா?"

அதை முடித்துவிட்டால் நாளை யாரும் வர மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. முடிக்காவிட்டால் கடை போகும், ஆனால் மாதக் கடைசி வரைக்குமாவது காலையில் தேதி மாறியிருக்கும். அந்தச் சில நாட்களுக்காக மனசு பிச்சைக்காரிபோல் கையை நீட்டியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சான்றிதழை எடுத்து, அக்கா செய்வதுபோலவே அதன் மூலையில் முத்திரையைக் குத்தினாள். மை பளிச்சென்று விழுந்தது. அன்று அதை அடியில் தள்ளவில்லை.

மறுநாள் இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க் தாள்களைப் புரட்டிவிட்டு, "இன்னொரு பார்ட்னர் எங்கேம்மா?" என்றார்.

"வெளி..." என்று ஆரம்பித்தவள் நின்றாள். பக்கத்தில் அக்கா மகள் அவள் விரலைப் பிடித்தாள். பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.

"இறந்துட்டாங்க" என்றாள் மெஷின் அம்மா. "என் அக்கா."

முதல் தடவையாக அவள் வாய் அதைச் சொன்னது. கிளார்க் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. அவருக்கு அது ஒரு தாள். "இங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒண்ணு" என்று விரலால் காட்டினார். இரண்டு பேர் போடுகிற இடத்தில் அவள் ஒருத்தி போட்டாள்.

கடைக்குத் திரும்பியதும் பதிவு அலுவலகம் கொடுத்த நகலை 'வெந்தது' தட்டில் வைத்தாள். பிறகு அதையும் எடுத்து ஃபைலில் கோத்தாள். மற்ற தாள்களையும் இருவருமாக உட்கார்ந்து முடித்தார்கள். வெளிச்சம் மங்குவதற்குள் 'வேகுது' தட்டின் அடிப்பாகம் தெரிந்தது. பத்து மாதத் தூசியை அவள் கையாலேயே துடைத்தாள்.

"அப்பாடா!" என்றாள் அக்கா மகள். "வாங்க சித்தி, வீட்டுக்குப் போகலாம்."

"போகலாம்" என்றாள் மெஷின் அம்மா. நாற்காலியைப் பார்த்துத்தான் சொன்னாள். ஷட்டரை இறக்கிய பிறகும், பூட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள், யாரோ வெளியே வரட்டும் என்பதுபோல.

மறுநாள் காலை ஷட்டரை ஏற்றும்போது அந்தப் பயம் வரவில்லை. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. விளக்கைப் போட்டாள். ஒரு மெஷின் தலையைத் திறந்து எண்ணெய் விட்டாள். இன்னொன்றின் திருகைக் கழற்றித் திரும்ப மாட்டினாள். கண்ணாடித் தடுப்புப் பக்கம் பார்க்கவே இல்லை.

உள்ளே லேப்டாப்பை வைத்துக்கொண்டிருந்த அக்கா மகள்தான் குரல் கொடுத்தாள்.

"சித்தி! முத்திரையில நேத்துத் தேதியே இருக்கே. இன்னைக்கு மாத்த மறந்துட்டீங்களா?"

திருகாணி ஒன்று மெஷின் அம்மாவின் விரலிடுக்கிலிருந்து விழுந்து தரையில் உருண்டது. அது நிற்கும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்டி கண்ணு" என்றாள். "மறந்துட்டேன்."

வாசலில் நின்று சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். ஆணியில் இருந்த துணியில் விரல் விரலாகத் துடைத்தாள். யாரும் அதட்டவில்லை. உள்ளே போனாள். நாற்காலி மெத்தை வழவழவென்று உப்பியிருந்தது, புதிதாய் வாங்கியதுபோல. முத்திரையை எடுத்துக் கட்டை விரலால் சக்கரத்தை உருட்டினாள். அது இறுகிப்போயிருந்தது. அழுத்தினாள்.

'கிட்' என்றது.

அன்றைய முதல் பில்லில் அதைக் குத்திப் பார்த்தாள். தேதி சரியாகக்கூடத் தெரியவில்லை. மைப்பெட்டி வெடித்துக் காய்ந்து கிடந்தது.

"மை பாட்டில் எங்கேடி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவள் இழுப்பறையைத் திறந்தாள்.