நெவில் அத்தான் ஒளித்துவைத்த ஹீட்டர் வால்வு

என் அக்கா க்ளெனிஸின் கணவர் நெவிலுக்குப் பழைய கார் என்றால் உயிர். அறுபத்திரண்டாம் வருஷத்துக் கார் ஒன்றை ரென்மார்க் ஊரில் தன் கொட்டகைக்குள் கழற்றிப் போட்டு, திருகு திருகாக மறுபடி பூட்டினார். மகள் ரோவீனா அதில்தான் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் கனவு.

கடைசியாக மிஞ்சியது குளிர் காலத்தில் காருக்குள் சூடேற்றும் ஹீட்டர். எஞ்சினிலிருந்து வெந்நீர் போக ஒரு ரப்பர் ஹோஸ், திரும்பி வர ஒன்று. போகிற ஹோஸில் வால்வு வைத்தால் வெயில் காலத்தில் வெந்நீரை அடைத்துவிடலாம். கேபிள் வால்வு என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே இழுத்து மூடலாம். ஆனால் டேஷ்போர்டில் துளை போட வேண்டும்.

"என் டேஷ்போர்டுல ஓட்டையா? அதுக்கு என் மண்டையில போடு" என்றார் அத்தான்.

"அங்க ஏற்கெனவே இருக்கு" என்றாள் அக்கா.

அத்தான் கையால் திருகுகிற பித்தளை வால்வையே வாங்கினார். அதுவும் கண்ணில் பட்டால் அழகு கெட்டுவிடுமாம். ஹோஸை எஞ்சினுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய், ஒரு இடுக்கில் வால்வை ஒளித்துவைத்து, இறுக மூடினார்.

கல்யாணம் ஜனவரியில்; எங்கள் பக்கம் அதுதான் உச்சக் கோடை. வெயில் நாற்பத்துநாலு டிகிரி. பின் சீட்டில் ரோவீனாவும் அக்காவும், முன்னால் பூங்கொத்தோடு நான். திராட்சைத் தோட்டங்களைத் தாண்டியதுமே சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது.

"பயப்படாதீங்க. ஹீட்டரைத் தொறந்துவிட்டா எஞ்சின் சூடு எறங்கிடும்" என்றார் அத்தான்.

"எறங்கி எங்க போகும்?" என்று கேட்டேன்.

"நம்ம மேலதான்."

யூகலிப்டஸ் நிழலில் காரை நிறுத்தி பானெட்டைத் திறந்தார். அவர் கை இடுக்கில் நுழையவில்லை. அக்காவின் கையும் நுழையவில்லை. என் கையைப் பற்றிக் கேட்காதீர்கள். கடைசியில் மணப்பெண்தான் முக்காட்டுத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, தோள்வரை உள்ளே விட்டுத் திருகினாள். வெளியே வந்த கையில் வால்வின் கைப்பிடி இருந்தது.

"அப்பா, இது தனியா வரணுமா?"

"வரக் கூடாதும்மா."

வால்வு முழுக்கத் திறந்த நிலையில் நின்றுவிட்டது. மறுபடி கிளம்பினோம். சுடுகாற்று எங்கள் முகத்தில் அறைந்தது.

"பாத்தியா க்ளெனிஸ், முள் எறங்குது!" என்று கூவினார் அத்தான்.

அக்கா ஷாம்பெயின் இருந்த ஐஸ் பெட்டிக்குள் இரண்டு காலையும் விட்டிருந்தாள். ரோவீனாவின் கண் மை கழுத்துவரை இறங்கியிருந்தது. என் மடியிலிருந்த ரோஜாக்கள் வதக்கிய கீரை போலத் தொங்கின.

ஆற்றங்கரையில் நாற்காலிகள் போட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். கார் நின்றதும் ரோவீனா இறங்கினாள். மாப்பிள்ளை ட்ரெண்டைக் கடந்தாள். கல்யாணம் நடத்திவைக்க வந்திருந்த அம்மாளைக் கடந்தாள். நேராக ஆற்றுக்குள் இறங்கி இடுப்பளவு நீரில் உட்கார்ந்தாள்.

"ரோ! கல்யாணம் இந்தப் பக்கம்!" என்று கத்தினான் ட்ரெண்ட்.

"இல்ல, இந்தப் பக்கம். வேணும்னா வா."

அவன் ஒரு நொடி யோசித்தான். பிறகு புதுக் கோட்டு சூட்டோடு சளசளவென்று இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"முழங்கால்வரைக்கும்தான் நான் வருவேன், சொல்லிட்டேன்" என்று பாவாடையைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாளும் இறங்கினார். அதுவரை நாற்காலியில் வெந்துகொண்டிருந்த விருந்தாளிகளுக்கு அது போதும். எல்லோரும் தண்ணீருக்குள் நின்றோம்.

கரையில் மிஞ்சியது அத்தானும் சம்பந்தியும்தான். அத்தான் அவரைப் பிடித்துவைத்து, ஹோஸ் போன வழியை விளக்கிக்கொண்டிருந்தார்.

"நெவில்! பொண்ணைக் கட்டிக் குடுக்க வர்றியா, இல்ல காரையே கட்டிக் குடுக்கப்போறியா?" என்று அக்கா போட்ட சத்தத்தில் வாத்துகள் பறந்தன.

அவர் ஓடி வந்து மகள் கையைப் பிடித்தார். "உன்னைக் கொதிக்க வெச்சுட்டேன்ல?" என்றார்.

"எப்படியோ வந்து சேந்துட்டோம்ல, விடுங்கப்பா."

சூட்டில் வீங்கிய ரோவீனாவின் விரலில் மோதிரம் ஏறவில்லை. ட்ரெண்ட், அத்தானின் சட்டைக் கையிலிருந்த கிரீஸில் கொஞ்சம் வழித்துத் தடவினான், வழுக்கிக்கொண்டு ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் ஒரு செருப்பு சேற்றில் புதைந்துபோனது. அது இல்லாமல் விருந்துக்கு வர மாட்டேன் என்று அவர் அடம் பிடித்ததில், மணமக்கள் உட்பட அத்தனை பேரும் குனிந்து ஆற்றைத் துழாவ ஆரம்பித்தோம்.