பெந்தென் தீவுக்குச் சேர்ந்து போகிறவர்கள்

எங்கள் ஊரில் கல்யாணம் ஆனவர்கள் யாரும் ஜோடியாகப் பெந்தென் தீவுக்குப் போக மாட்டார்கள். அங்கே இருக்கிற பெந்தென் அம்மன் பொறாமைக்காரி. கோயில் முகப்பில் நிற்கும் சிவப்பு மர வாசலை, அந்தத் தோரியை, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து தாண்டினால் இரண்டு பேரையும் பிரித்துவிட்டுத்தான் அவளுக்கு மறுவேலை. அதனால் முதலில் மனைவி போய்க் கும்பிட்டு வருவாள். அதுவரை கணவன் வெளியே பாறையில் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பான். அவள் வந்த பிறகுதான் அவன் போவான். வெளியூர் ஜோடிகளுக்கு இதெல்லாம் தெரியாது. கைகோத்துக்கொண்டு தோரிக்கு அடியில் நின்று போட்டோ எடுப்பார்கள். படகு ஓட்டுகிறவள் நான், வாயை மூடிக்கொண்டு நிற்பேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்ல வேண்டும் என்று எனக்கென்ன தலையெழுத்தா?

ஆனால் நொபுவே என்கிறவள் வெளியூர்க்காரி இல்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் பென்சிலையெல்லாம் கடித்தே தீர்த்தவள். ஒருநாள் காலையில் படகில் தேங்கிய தண்ணீரை நான் இறைத்துக்கொண்டிருந்தபோது வந்து, நாளைக்குத் தன்னையும் தன் வீட்டுக்காரன் தமோட்சுவையும் தீவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றாள். பாவம், படுத்தே கிடக்கிறவனுக்குக் கொஞ்சம் கடல் காற்று வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை, இரண்டு பேரும் சேர்ந்தே தோரிக்குள் போகப் போகிறோம் என்றாள்.

“பைத்தியமாடி உனக்கு?”

“அவ பிரிச்சு விடட்டும்னுதான் போறேன்.”

தமோட்சு ஆக்டோபஸ் பிடிக்கிறவன். ஆக்டோபஸ் வந்து ஒளியட்டும் என்று கடலுக்கு அடியில் போட்டுவைக்கும் பானைகளைக் கயிற்றோடு ஒற்றைக் கையால் இழுத்துப் போட்ட ஆள். வயிற்றில் வந்த கட்டி ஒரே குளிர்காலத்தில் அவனைப் படுக்கையில் சுருட்டிப் போட்டுவிட்டது. இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வலி வரும்போது சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று துண்டைக் கடித்துக்கொள்வானாம். உன்னை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை என்று அவளிடம் ஒருநாள் சொல்லியிருக்கிறான். அதிலிருந்து அவளுக்கு இதே நினைப்பு. தான் பிடித்து வைத்திருப்பதால்தான் அவன் உயிர் போகாமல் அவதிப்படுகிறது. அம்மன் அந்தப் பிணைப்பை அறுத்துவிட்டால் நிம்மதியாகப் போய்ச் சேருவான்.

நான் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்கு அழுகை முட்டினால் வாய் இன்னும் மோசமாகும். திட்டி முடித்துவிட்டு, காலையில் அலை குறைவாக இருக்கும், சீக்கிரம் வந்து சேருங்கள் என்றேன்.

மறுநாள் அவனைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தாள். படகில் ஏறியதும் அவன் கேட்டது, என் எஞ்சின் இன்னும் சாகவில்லையா என்று. உன்னை மாதிரியே இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் சிரித்தான்.

தீவுக் கரையில் அவனை என் முதுகில் தூக்கிக்கொண்டேன். காய்ந்த கடற்பாசிக் கட்டின் கனம்தான் இருந்தான். நொபுவே பக்கத்திலேயே அவன் கம்பளி நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தோரிக்கு முன்னால் வந்ததும் என் தோளைத் தட்டி, இறக்கிவிடச் சொன்னான். பாறையில் உட்கார வைத்தேன்.

“நீ மொதல்ல போயிட்டு வா,” என்றான் அவளிடம்.

இன்றைக்குச் சேர்ந்தே போகலாம், இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்று அவள் ஏதேதோ சொன்னாள்.

“நீ எதுக்குக் கூட்டியாந்தேன்னு எனக்குத் தெரியாதா? நான் போனா உன் புருஷனாத்தான் போவேன். போ, போய்க் கும்பிட்டு வா.”

நொபுவே கம்பளி நுனியை விட்டாள். பிறகு தனியாகத் தோரியைத் தாண்டிப் படியேறினாள்.

அவன் என்னிடம் ஒரு சிகரெட் கேட்டான். டாக்டர் என்ன சொல்வார் என்று ஆரம்பித்தேன். புருஷன்காரன் இங்கே உட்கார்ந்து சிகரெட் பிடிப்பதுதானே வழக்கம் என்றான். கொடுத்தேன். பற்ற வைக்கவில்லை, விரலிடுக்கில் வைத்துக்கொண்டு படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கண் சிவந்து இறங்கி வந்தாள். அடுத்தது அவன் முறை. அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். கல்தொட்டித் தண்ணீரில் அவன் கையை நானே கழுவிவிட்டேன். சன்னிதியில் இரண்டு முறை தலை குனிந்தான். அம்மனைக் கூப்பிட இரண்டு முறை கை தட்டினான், சத்தமே வரவில்லை.

“நீ தட்டு, கட்சுயோ. அவங்களுக்குக் கேக்கணும்.”

தட்டினேன். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மனிடம் பேசினான். “இப்ப ஒருத்தி வந்து ஏதோ கேட்டிருப்பா தாயே. புத்தி கெட்டுப்போய்க் கேட்டுட்டா. அத நீங்க காதுல போட்டுக்காதீங்க. வலி இருந்தா இருந்துட்டுப் போகுது. நான் அவகூட இருக்கேன்.”

திரும்பும்போது கம்பளிக்குள் தூங்கிவிட்டான். நொபுவே பின்பக்கம் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். எஞ்சின் சத்தத்துக்கு மேல் என் காதில் சொன்னாள்.

“கேக்கணும்னு போனது வேற, வாயில வந்தது வேற. இந்தக் கோடை முடியிற வரைக்குமாவது அவரை எங்கிட்ட விட்டு வைங்கன்னு கேட்டுட்டேன். அவ்வளவு வலியில கெடக்கற மனுஷனுக்கு இப்படிக் கேட்டுட்டேனே. நான் பாவிடி.”

என் கை சுக்கானிலிருந்து நழுவிவிட்டது. படகு ஒரு பக்கமாகத் திரும்பியது. அடப்பாவி தமோட்சு, எதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்!

அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று அவள் கேட்டாள். சொன்னால் அங்கேயே கடலில் குதித்திருப்பாள். பானைக்கு ஒரு ஆக்டோபஸ் கிடைக்க வேண்டும் என்று கேட்டான் என்றேன். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இருவரையும் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவனைப் படுக்க வைக்கும்வரை கூட இருந்தேன். பிறகு துறைக்கு வந்து படகை மறுபடியும் தீவுக்குத் திருப்பினேன். எதிரே வந்த மீன்காரர்கள் என்ன மறந்துவிட்டாய் என்று கேட்டார்கள். எஞ்சினை இன்னும் முடுக்கினேன்.

நான் கல்யாணமே செய்துகொள்ளாதவள். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட அம்மனுக்கு ஒன்றுமில்லை. தோரியைத் தாண்டி நேரே மேலே போனேன். கை காந்தும்வரை தட்டினேன்.

“காலையில அவன் சொன்னத விட்டுடு. அவ என்ன கேட்டான்னு தெரியாம ஒளறிட்டான். ரெண்டு பேரும் ஒண்ணத்தான் கேட்டிருக்காங்க. கோடை முடியிற வரைக்கும், அவ்வளவுதான். வலியில்லாம.”

சொல்லிவிட்டு இன்னொரு தடவையும் தட்டினேன். அம்மனுக்குக் காது மந்தமோ என்னவோ.