இலையெல்லாம் கொட்டினால் நிப்பிள் மரத்துக்கு

எங்கள் பாலர் பள்ளிக்குச் சுவர் கிடையாது. சில்கெபோர்க் நகருக்கு வெளியே காடு, காட்டுக்குள் சாமான் போட்டுவைக்க ஒரு மரக்குடில், மற்றதெல்லாம் வானம். மழை வந்தால் நனைவோம். பெற்றோருக்குத் தரும் அறிக்கையில் அதற்கு ‘இயற்கையோடு நேரடிப் பழக்கம்’ என்று பெயர்.

குடிலின் வாசலில் ஓர் இளம் பீச் மரம் நிற்கிறது. இது பழக்கடை பீச்சும் இல்லை, கடற்கரை பீச்சும் இல்லை, காட்டு மரம். வாயில் ரப்பர் நிப்பிள் சப்பும் பிள்ளைகள், அதை விடும் நாளில் ரிப்பன் கட்டி இந்த மரத்தில் தொங்கவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மரம் காய்த்துக் குலுங்குவது போலிருக்கும். கிட்டே போகாமலிருப்பது நல்லது.

நாலு வயது எஸ்கில் எதற்கும் நிப்பிளை வாயிலிருந்து எடுப்பதில்லை. ஆனால் அவனுக்குக் கத்தி வேண்டும். மற்ற பிள்ளைகள் மரக்கட்டையில் உட்கார்ந்து குச்சி சீவுகிறார்கள். அவன் தோழி லீவா வாள் செய்து, அம்பு செய்து, இப்போது யாருக்கும் விளங்காத ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாள். ஆசிரியர்களான எங்களுக்குத் தலைவி குன்ஹில். அவர் சட்டமோ ஒன்றுதான்: வாயில் நிப்பிள் இருந்தால் கையில் கத்தி இல்லை.

அக்டோபரில் பேச்சுவார்த்தை நடந்தது.

“குன்ஹில், எக்கு அத்தி ஏணும்.”

“வாயில இருக்கறத எடுத்துட்டுப் பேசு.”

எடுத்தான். “எனக்குக் கத்தி வேணும்.” திரும்ப வைத்துக்கொண்டான்.

“அதோ மரம். கட்டு. அடுத்த நிமிஷம் கத்தி உன் கையில.”

எஸ்கில் மரத்தை மேலும் கீழும் பார்த்தான். மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மறுபடி எடுத்தான். “இந்த மரத்து இலையெல்லாம் கொட்டினதும் கட்டறேன்.”

“எல்லாமே?”

“எல்லாமே. ஆனா தானா விழணும்.”

குன்ஹில் கைகொடுத்தார். எஸ்கில் குலுக்கினான். மாலையில் அவன் அம்மா ரிக்கவிடம், “இன்னும் ரெண்டு மூணு வாரந்தான்” என்று சொல்லி அனுப்பினார்.

இளம் பீச் மரம் காய்ந்த இலையைக் குளிர்காலம் முழுக்க விடாது என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். குன்ஹில்லுக்கும் தெரியும். இத்தனை வருஷமாக அதன் அடியில்தான் காபி குடிக்கிறார். கைகுலுக்கிய அந்த ஒரு நிமிடம் மட்டும் தெரியவில்லை.

பக்கத்து ஓக் மரம் மொட்டையானது. பிர்ச் மொட்டையானது. எங்கள் மரம் பழுப்பு இலைகளைப் போர்த்திக்கொண்டு சொகுசாக நின்றது. டிசம்பரில் ஒரு புயல் வந்து குடிலின் கூரையில் பாதியைக் கொண்டுபோனது. மறுநாள் காலை குன்ஹில் கூரையைப் பார்க்கவில்லை, மரத்தைத்தான் பார்த்தார். சலசலவென்று ஒரு பதில் வந்தது.

ஜனவரியில் ரிக்க என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “தோர்கில், இங்க ஏணி எதாவது இருக்கா?”

“எதுக்கு?”

“சும்மா. மரத்தைக் கொஞ்சம் கிட்ட பாக்கலாம்னு.”

“பறிச்சா செல்லாது!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதற்காக நிப்பிளையே வெளியே எடுத்திருந்தான்.

பிப்ரவரிக்குள் ஒப்பந்தம் அவனையும் கடிக்க ஆரம்பித்தது. லீவா சீவ, அவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் குச்சியைக் கல்லில் தேய்ப்பான். ஒரு மணி நேரம் தேய்த்தால் குச்சி சற்றே அழுக்காகும்.

“என்ன செய்யறே?” என்று கேட்டாள் லீவா.

“ஆள்.”

“வாளா? அது வாள் மாதிரி இல்லியே. ஈரக் குச்சி மாதிரி இருக்கு, பாப்பா.”

அவன் அழவில்லை. எழுந்து மரத்தடிக்குப் போனான். பனி உறைந்த தண்டைப் பூட்ஸால் ஓர் உதை விட்டு, “விழேன்!” என்றான். ஓர் இலை விழுந்தது. மீதி ஆயிரம் இருந்தன.

குன்ஹில்லுக்கே மனசு கேட்கவில்லை. “எஸ்கில், இலையை விடு. இன்னைக்கே கட்டிடேன், கத்தி தரேன்.”

“முடியாது” என்றான், கண் கலங்க. “கை குடுத்தாச்சு.”

காட்டுத் தரையெங்கும் வெள்ளைப் பூ வந்தது. மே மாதம் பீச் மொட்டுகள் பருத்துப் பழைய இலைகளைத் தள்ளத் தொடங்கின. எஸ்கில் தினமும் ரொட்டியை மரத்தடியிலேயே தின்றான். கடைசி இலை விழுந்தபோது ஈரல் பேஸ்ட் தடவிய துண்டு பாதி வாயில் இருந்தது. மென்று முடித்தான். விழுங்கினான். ரிப்பன் கேட்டான்.

அவனே கட்டினான். குன்ஹில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தியைக் கொடுத்தார். எஸ்கில் உட்கார்ந்து, உடம்புக்கு வெளிப்பக்கமாக, ஒழுங்காகச் சீவினான். அப்புறம் கத்தியை உறையில் போட்டுக் கட்டையில் வைத்துவிட்டு மரத்திடம் போனான். நிப்பிளைத் தன் வாய் உயரத்துக்கு மிகச் சரியாகக் கட்டியிருந்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

“எஸ்கில்! அது இனி மரத்தோடது!” என்றார் குன்ஹில்.

நிப்பிளை ஒரு நொடி விட்டான். “மரத்துலதானே இருக்கு?” இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். “கத்தியும் இல்ல.” திரும்பக் கவ்வினான்.

குன்ஹில் தன் சட்டத்தை மனதுக்குள் முன்னும் பின்னும் புரட்டியது முகத்தில் தெரிந்தது. ஓட்டை எங்கும் அடைபடவில்லை. மறுநாளிலிருந்து ரிக்க தினமும் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து கிளையிலேயே அதைக் கழுவினார். “மரத்துக்கு வாய் கொப்புளிச்சு விடறாங்க” என்று லீவா புதிதாக வந்த பிள்ளைகளுக்கு விளக்கினாள்.

கோடையில் வாள் வந்தது. பிறகு கரண்டி, பிறகு ஒரு பக்கம் சாய்ந்தே மிதக்கும் படகு. மரத்துக்குப் போவது தூக்கம் வரும் மத்தியானத்துக்கு மட்டும் என்றானது. அப்புறம் அதுவும் விட்டுவிட்டு.

ஆகஸ்டில் ஒரு நாள் மரத்தடியில் முழங்காலை மடக்கிக்கொண்டு நின்றவன் என்னைப் பார்த்துக் கத்தினான்.

“தோர்கில், மரம் குட்டையாயிடுச்சு!”

“அப்படியா?”

“முன்னாடி சரியா இருந்துச்சு. இப்போ குனியணும். முதுகு வலிக்குது.”

“ஓடைக்கு வர்றியா இல்லியா?” என்று லீவா தூரத்திலிருந்து கூப்பிட்டாள்.

எஸ்கில் நிமிர்ந்தான். மரத்தை ஒரு தட்டு தட்டி, “ஒழுங்கா வளரு. அப்புறம் பாக்கலாம்” என்றான். படகை ஒரு கையிலும் கத்தியை மறு கையிலும் எடுத்தான். கத்தியோடு ஓடக்கூடாது என்பதால், மிக மிக வேகமாக நடந்தான்.