காலித் தொட்டிக்குத் தீனி

காலித் தொட்டிக்குத் தீனி போடச் சொன்னவள் உலகத்திலேயே என் பெண்டாட்டி தையல்நாயகி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மரக்காணம் உப்பளத்தில் நான் மேஸ்திரி. அவள் வீட்டில் கடல்மீன் வைத்திருந்தாள். எக்கியார்குப்பத்து வலைகளில் உயிரோடு சிக்கும் வண்ண மீன்களை வாங்கி, மூன்று வாரம் கண்ணாடித் தொட்டியில் தனியாக வைத்திருப்பாள். நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மெட்ராஸ் கடைக்கு அனுப்புவாள். எழுபத்து நாலு ஐப்பசியில் மீன் வரத்து நின்று தொட்டி காலியாகக் கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள்.

பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது துணியைக்கூட எடுத்து வைக்காமல் தொட்டியைப் பற்றியே பேசினாள்.

"அடி மணல்ல கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருக்குது. மீன் கழிவைத் தின்னு தண்ணிய சுத்தம் பண்றது அதுங்கதான். மீன் இல்லன்னா பட்டினியில செத்துடும், நல்ல தண்ணி பட்டாலும் செத்துடும். தெனம் ஒரு சிட்டிகை சென்னாக்குனி போடுங்க. அது அழுகி அதுங்களுக்குத் தீனியாவும். காத்து மோட்டாரை நிறுத்தாதீங்க."

"ஏண்டி, இல்லாத மீனுக்குச் சோறா?" என்று சிரித்தேன்.

"செத்துதுன்னா திரும்ப உண்டாவ ஒன்றரை மாசம் ஆவும். நான் வர்ற வரைக்கும் உசுரோட இருக்கணும்" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

போட்டேன். தினமும் காலையில் இரண்டு விரலால் அந்தக் காய்ந்த பொடி இறாலைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் அளத்துக்குப் போனேன். சாயங்காலம் பாண்டி பஸ். ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. நான்கு நாள் நான் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் கண்ணைத் திறந்ததும் கேட்டாள்: "தொட்டிக்குப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"இங்கயே குந்தினு இருக்கீங்க, எப்படிப் போட்டீங்க? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்த நெலமையில உனக்கு மணல்தான் முக்கியமா?" என்று கத்தினேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதைப் பொறுக்க முடியாமல் பஸ் ஏறினேன்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் அழுகல் வாடை இல்லை. மணலில் ஒரு பிடி எடுத்து முகர்ந்தேன். மழை பெய்த மண் மாதிரி நல்ல வாசனை. தீனியைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். 'உசுரோடதான்டி இருக்குது' என்று சொல்ல வேண்டும். வழி முழுக்க அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடி போனேன்.

கட்டிலில் பாய் சுருட்டி வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று, கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள்.

மறுநாள் அவளை எரித்துவிட்டு வந்தேன். சுடுகாட்டில் எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: அவள் காப்பாற்றச் சொன்னது வீட்டில் இருக்கிறது, அதை விடக்கூடாது.

பிணம் எடுத்த வீட்டில் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு வீட்டைக் கழுவுவது எங்கள் ஊர் வழக்கம். ஆண்கள் திரும்புவதற்குள் பெண்கள் முடித்துவிடுவார்கள். குடம், அண்டா எல்லாம் முற்றத்தில் கவிழ்ந்திருந்தன. அவற்றின் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி, துடைத்துப் பளபளவென்று. மணல் சாக்கில் பரப்பி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் அக்காவின் கைகள் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தன. "அவ ஆசையா வெச்சிருந்ததாச்சேப்பா. கெணத்துத் தண்ணி எறச்சி நாலு தபா அலசினேன். ஒரு பொட்டு அழுக்கு இல்ல."

சாக்கில் உட்கார்ந்து மணலை அள்ளி முகர்ந்தேன். ஒரு வாசனையும் இல்லை. அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

"அழுதுடுப்பா, அழுதுடு" என்று அக்கா முதுகைத் தடவினாள்.

உசுரோடதான் இருக்குது என்று சொல்லத்தான் ஓடினேன். அதைக் கேட்க அவள் இல்லை. இனி அவள் படத்துக்கு முன்னால் நின்று சொன்னாலும் அது பொய்.