அடிவயிற்றில் தொடங்கிய கதை

1

இந்தக் கதை பிறந்த இடம் என் கணவரின் அடிவயிறு. வலப்பக்கம், தொடை சேரும் இடத்துக்குச் சற்று மேலே. மற்ற கதாசிரியர்களுக்கு மழையும் ஜன்னலும் வாய்க்கின்றன, எனக்கு வாய்த்தது இது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று அதை எடுத்துவிட்டு வந்தார். தையல் ஆறி, மூத்திரக் குழாயையும் கழற்றி, அப்பாடா என்று உட்கார்ந்த நேரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் எட்டிப் பார்த்தது. ஹெர்னியா. உள்ளே இருக்க வேண்டிய குடல் கொஞ்சம் வெளியே வந்து வேடிக்கை பார்க்கிறது.

எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா அது நான்தான்னு தெரியக் கூடாது."

ஆகவே அவரை வேறு ஆளாக மாற்றப் பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சாய்வு நாற்காலியில்..."

(விட்டுவிட்டேன். அந்த ஆசிரியர் டாக்டர் பேச்சைக் கேட்பார் போலிருக்கிறது. இவர் கேட்கிற ரகமில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "கடலையே கண்டு அஞ்சாத அந்த மாலுமி, தன் அடிவயிற்றைப் பார்த்து..."

பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவர், "மாலுமியா? நான் பஸ்லயே வாந்தி எடுக்கிற ஆளு" என்றார்.

அதையும் அடித்தேன். வேறு வழியில்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவர் பழைய சோஃபாக்களைப் பிரித்து, ஸ்பாஞ்சு மாற்றி, புதுத் துணி தைத்துக் கொடுக்கிறவர். வீட்டின் முன்னறைதான் கடை. தொழிலை மாற்றினால் கதையே நிற்காது. அடுத்து வரும் தவறை வேறு எந்தத் தொழில்காரராலும் செய்திருக்க முடியாது.

3

உள்காயம் ஆறட்டும், பிறகு ஹெர்னியாவுக்கு ஆபரேஷன் செய்யலாம், அதுவரை கனம் தூக்காதீர்கள், பெல்ட் போடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கடையில் வாங்கிய பெல்ட்டை இவர் கையில் வாங்கிப் பார்த்து, "இதெல்லாம் ஒரு தையலா?" என்று ஓரமாக வைத்தார். சோஃபாவுக்கு அடியில் இழுத்துக் கட்டுகிற அகல நாடா, நல்ல கெட்டி ஸ்பாஞ்சு, தையல் மெஷின். கண்ணாடி முன் நின்று தானே அளவெடுத்தார். வீக்கத்தை உறுத்தக் கூடாதே என்று ஸ்பாஞ்சின் நடுவில் பதமாக ஒரு குழியும் வெட்டினார். வீக்கம் அதில் அம்சமாகப் போய் உட்கார்ந்தது. புதுச் சட்டை போட்ட பிள்ளைபோல வீடு முழுக்க நடந்து காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தையல் பிரமாதம். எங்க வாங்கினீங்க?"

"நானே தைச்சது" என்றார் இவர், காலரைத் தூக்கிவிடாத குறையாக.

"ஐயா, இந்த வீக்கம் உள்ள போகணும். நீங்க அது உட்கார சோஃபா செஞ்சு குடுத்திருக்கீங்க!"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு டாக்டரம்மா சொன்னதற்குச் சிரிக்க முடியவில்லை. வெளியே வந்த குடலை வெளியிலேயே வைத்துக் கட்டினால் அது சிக்கிக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து, மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, அப்புறம்தான் பெல்ட். உள்ளே போக மறுத்து வலித்தால், வாந்தி வந்தால், உடனே ஓடி வர வேண்டும்.

"காயம் நல்லா ஆறிடுச்சு. தேதி குடுக்கட்டுமா?"

"யோசிச்சு சொல்றேன்" என்றார் இவர்.

4

இன்னும் யோசிக்கிறார். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருவது இங்கேதான். ஆணியை வாயில் கவ்விக்கொண்டே பாட்டு முணுமுணுக்கிறவர், ஆஸ்பத்திரி என்றால் ஏன் இப்படிப் பம்முகிறார்? கேட்டால், "மறுபடியும் ட்யூப் போடுவாங்க" என்கிறார். நம்பக்கூடிய காரணம்தான்.*

* இருமினால், தும்மினால் இன்னமும் மூத்திரம் கசிகிறது. பேடு வைத்துக்கொள்கிறார். ஒருநாள் வாடிக்கையாளர் எதிரிலேயே பேன்ட் நனைந்துவிட்டது. கடையைச் சாத்திவிட்டு வந்து என் தோளில் முகம் வைத்து அழுதார். இந்தக் குறிப்பை எடுத்துவிடச் சொன்னார். அழுகையை வேண்டுமானால் எடுக்கிறேன், தோளை எடுக்க மாட்டேன் என்றேன். அப்படியானால் ரெண்டும் இருக்கட்டும் என்றார்.

இப்போது தினமும் காலையில் அவர் மல்லாந்து படுத்து உள்ளங்கையால் அழுத்துகிறார். நான் குழியில்லாத பெல்ட்டோடு காத்திருக்கிறேன்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு. கதவைச் சாத்து."

இழுத்துக் கட்டுகிறேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு கிட்டத்தில் முகம் பார்த்துப் பேசியதில்லை.

நேற்று அது உடனே போகவில்லை. அவர் அழுத்தினார், மூச்சை விட்டார், மறுபடியும் அழுத்தினார். ஒருவழியாகப் போனது. நான் நேராக மேசைக்கு வந்து முடிவுகளை எழுத ஆரம்பித்தேன்.

5

முதல் முடிவு: சம்மதிக்கிறார், எல்லாம் நல்லபடியாக நடக்கிறது, மூன்று பேர் உட்காரும் சோஃபாவைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார். (சர்க்கரை தூக்கல்.)

இரண்டாம் முடிவு: தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரு காலை, எவ்வளவு அழுத்தியும்... (கை வரவில்லை.)

மூன்றாம் முடிவு:

எழுதினேன். அடித்தேன். தாளையே கிழித்துப் போட்டேன். அவர் பார்த்துவிட்டார்.

"மூணாவது என்ன?"

"ஒண்ணுமில்ல. சரியா வரல."

"ஆபரேஷன் மேசையிலயே போயிடுறேன். அதானே?"

கிழித்த துண்டுகளைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினேன்.

"எனக்கும் அதான். ட்யூப் சின்ன பயம், இதுதான் பெரிய பயம். போன தடவை மயக்க ஊசி போட்டப்ப, உன்கிட்ட போயிட்டு வரேன்னு சொல்லாம வந்துட்டோமேன்னு நினைச்சுக்கிட்டேதான் கண்ணு சொருகிச்சு."

எத்தனையோ வருஷமாகப் பாத்திரங்களுக்கு வசனம் எழுதுகிறேன். இப்போது பேனாவை மூடிவைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தத் தடவை சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

6

சற்று முன்பு போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தார். மணி போகிறது. நான் பேனாவைத் திறந்ததைப் பார்த்து, போனைக் கையால் பொத்திக்கொண்டு, "இதை மட்டும் எழுதாதே" என்கிறார்.

சரி, எழுதவில்லை. தேதி கேட்பாரா, தப்பான நம்பர் என்று வைத்துவிடுவாரா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என் முதல் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாக நாலாவது ஒன்றை உண்டாக்கினாலும் சம்மதம். நான் கிழித்ததை மட்டும் தேடி எடுத்து ஒட்டிவிடாதீர்கள். எனக்கு இந்த மனிதர் வேண்டும்.